காம்போர்ன் சுரங்கக் கலாசாலையும் அதன் பழைய மாணவர் சங்கமும்

தாம் பயின்ற கலாசாலையை மறவாதிருத்தல் கற்றோர்க்கு இயல்பாய குணம். அக்குணத்தின் பயனாகத் தோன்றியவையே பழைய மாணவர் சங்கங்கள். நம் கலாசாலையிலும் அத்தகைய சங்கம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை கூடுவதும், அறிக்கை வாசிப்பதும், ஒருங்கிருந்து உண்பதும், பழங்கதை பேசிக் கலைவதுமே அதன் தொழில் எனப் பலரும் எண்ணுகின்றனர். இவ்வளவே அதன் பயனாயின், அதனைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆயின், பழைய மாணவரின் கூட்டுறவு கலாசாலைக்கு உயிர்நாடியாய் நிற்கும் இடங்களும் உலகில் உண்டு. சுரங்கத் தொழிலைக் கற்பிக்கும் கலாசாலைகள் அத்தகையன. அவற்றுள் ஒன்றாகிய காம்போர்ன் சுரங்கக் கலாசாலையின் வரலாற்றையும், அதன் மாணவர் தம்முட் கொண்டுள்ள தொடர்பையும் ஈண்டுச் சுருக்கி உரைத்து, பழைய மாணவர் சங்கத்தின் உண்மைப் பயன் யாது என ஆராயப் புகுகின்றோம்.

இங்கிலாந்து தேயத்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாந்திக் மாகடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கார்ன்வால் எனப்படும். அதன் அடியிற் கருங்கற்பாறை பரந்துள்ளது. பண்டை ஊழிகளில் நிலத்தின் உள்ளிருந்து எழுந்த கொதிநீர், பற்பல உலோகங்களைக் கரைத்துக் கொணர்ந்து பாறை வெடிப்புக்களிற் படியவைத்தது. அங்ஙனம் படிந்த வெள்ளீயமும் செம்பும் அந்நாட்டாரின் செல்வமாயின. நம் வீடுகளில் உள்ள பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசுகின்றோமே, அங்ஙனம் பூசப்படுவது இவ்வெள்ளீயமே.

நிலத்தை ஆழ அகழுந்தோறும் நீர் ஊறிப் பெருகும். அதனை இறைத்தற்பொருட்டு அந்நாட்டார் நீராவி எந்திரங்களைத் திருத்தி வளர்த்தனர். நீராவியால் தானே இயங்கும் வண்டியொன்றை ரிச்சர்ட் டிரெவிதிக் என்பார் 1801-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பண்டிகையின் முன்னாளன்று காம்போர்ன் நகரின் குன்றின்மீது ஓட்டிக் காட்டினார். 1815-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளரின் உயிர்காக்கும் விளக்கை அமைத்த ஹம்ப்ரி டேவியும் கார்ன்வாலிலுள்ள பென்ஸான்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவரே. ஜான் வெஸ்லி ஐயர் 1762-ஆம் ஆண்டு முதல் 1789-ஆம் ஆண்டுவரை பதினெட்டு முறை கார்ன்வாலின் குவென்னாப் பள்ளத்தில் நின்று பிரசங்கித்தார். சுரங்கம் உள்வாங்கியதனால் உண்டானது எனக் கருதப்படும் பள்ளம் அது. அவரது இயக்கத்தின் வழிவந்த பில்லி பிரே என்னும் சுரங்கத் தொழிலாளர், வெள்ளீயம் அகழ்ந்த கைகளோடே ஊரூராய்ச் சென்று சுவிசேஷம் உரைத்து, 1868-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். இவ்வாறு தொழிலும் பக்தியும் ஒருங்கே வேரூன்றிய நாடு கார்ன்வால்.

சுரங்கச் செல்வம் நிலையானதன்று. வயல் ஆண்டுதோறும் விளையும். சுரங்கமோ அகழ அகழக் குறையும். அன்றியும், உலகின் மற்றொரு மூலையிற் புதிய சுரங்கம் ஒன்று திறக்கப்படின், பழைய சுரங்கத்துப் பொருளின் விலை வீழும். 1866-ஆம் ஆண்டிற் செம்பின் விலை வீழ்ந்தபோது கார்ன்வாலிற் பல சுரங்கங்கள் மூடுண்டன. தொழிலிழந்தோர் கப்பலேறினர். ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வாலி, மெக்ஸிகோவின் பச்சூகா, தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்கள் எனச் சுரங்கம் உள்ள இடமெங்கும் கார்ன்வால் மக்கள் குடியேறினர். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து சுடும் அவர்களுடைய பணியாரம் இன்றும் பச்சூகா நகரக் கடைகளில் விற்கப்படுகின்றது. ஊர் விட்டுப் போனவர் உணவை மறந்திலர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இக்குடிபெயர்ச்சி நிகழ்ந்த காலத்தேதான் சுரங்கக் கல்வியும் அங்கே தலையெடுத்தது. முன்னெல்லாம் சுரங்கத் தலைவராயினார் தந்தையரோடு நிலத்தினுட் சென்று கண்ணாலும் கையாலும் கற்றவரே. அந்நிலை மாறத் தொடங்கிற்று. தாதுக்கல்லைச் சோதித்து அதிலுள்ள உலோகத்தின் அளவைக் கணக்கிடுதல், நிலத்தினுள் வழி பிறழாமல் அளந்து படம் வரைதல், எந்திரங்களை இயக்குதல், காற்றோட்டம் அமைத்தல் ஆகியவற்றுக்கெல்லாம் ஏட்டுக் கல்வியும் வேண்டப்பட்டது. 1859-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹண்ட் என்னும் அறிஞரின் முயற்சியாற் சுரங்கத் தொழிலாளர்க்கு வகுப்புக்கள் நடத்தும் கழகம் ஒன்று அந்நாட்டில் தோன்றியது. அவ்வழியே வளர்ந்த முயற்சிகளின் பயனாக 1888-ஆம் ஆண்டிற் காம்போர்ன் நகரிற் சுரங்கக் கலாசாலை நிறுவப்பெற்றது. 1909-ஆம் ஆண்டில் ரெட்ரூத், பென்ஸான்ஸ் ஆகிய ஊர்களிலிருந்த பள்ளிகளும் அதனோடு ஒன்றாயின.

பிற கலாசாலைகள் பலவற்றில் இல்லாத ஒன்று அக்கலாசாலைக்கு வாய்த்தது. அதுவே மாணவர்க்கென்று ஒரு சுரங்கம். 1897-ஆம் ஆண்டில், கைவிடப்பட்டிருந்த தென் கொண்டரோ என்னும் சுரங்கத்தின் ஒரு பகுதியைக் கலாசாலை குத்தகைக்கு எடுத்தது. ஏழாம் எட்வர்டு மன்னர் அரியணை ஏறியபின் அதற்கு எட்வர்டு அரசர் சுரங்கம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. மாணவர் அதனுள் இறங்கிப் பாறையைத் துளைத்தனர், வெடிமருந்து வைத்தனர், தாதுக்கல்லை மேலேற்றினர், அக்கல்லை அங்கேயே இடித்துக் கழுவி வெள்ளீயத்தைப் பிரித்தனர். இப்பிரிக்கும் முறை நம்மவர்க்குப் புதியதன்று. அரிசியைக் களைந்து கல்லரிக்கும் நம் பெண்டிர் நாள்தோறும் செய்வது அதுவே. கல் கனமுடையதாதலின் அடியில் தங்குகின்றது. அரிசி நீரோடு செல்கின்றது. வெள்ளீயத் தாது நீரைக்காட்டிலும் ஏறத்தாழ 7 மடங்கு கனமுடையது. அதனோடு கலந்துள்ள வெண்கல்லோ 3 மடங்கிற்கும் குறைவான கனமுடையது. ஆகவே, இடித்த பொடியைச் சாய்ந்த பலகையின்மீது நீரோடு ஓடவிட்டு அசைப்பின், வெண்கல் கழிந்துபோக, வெள்ளீயத் தாது பின்தங்கும்.

1921-ஆம் ஆண்டில் அண்டையிலிருந்த கிரென்வில் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே நீரிறைக்கும் எந்திரம் நின்றதனால், நீர் நிலத்தடி வழியே பெருகி எட்வர்டு அரசர் சுரங்கத்தையும் மூழ்கடித்தது. கலாசாலையார் தளராது, அணித்தாயுள்ள வேறோரிடத்திற் புதிதாக ஒரு சுரங்கவழி அமைத்துக்கொண்டனர். ஒரு சுரங்கத்தின் வாழ்வு அண்டைச் சுரங்கத்தின் வாழ்வைப் பற்றி நிற்கும் என்னும் பாடத்தை ஆசிரியர் சொல்லாமலே மாணவர் கற்றிருப்பர்.

இனி, சங்கத்தின் செய்திக்கு வருவோம். இக்கலாசாலையிற் பட்டம் பெற்றோர் தம் பெயரின் பின்னர் ஏ. சி. எஸ். எம். என்னும் நான்கெழுத்துக்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளும் உரிமை பெற்றனர். காம்போர்ன் சுரங்கக் கலாசாலையின் உறுப்பினர் என்பதே அதன் பொருள். அவர்களையும் பின்வந்தோரையும் ஒன்றுசேர்ப்பது பழைய மாணவர் சங்கம். உறுப்பினரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் பேணுதல், இதழ் வெளியிடுதல், விருந்துகளும் கூட்டங்களும் நடத்துதல் ஆகியன அதன் பணிகள். மாணவர்க்குப் பொருளுதவி செய்யும் அறநிலையம் ஒன்றும் கலாசாலையைச் சார்ந்து இயங்குகின்றது. லண்டன் மாநகரத்து அரசச் சுரங்கக் கலாசாலையாரோடு 1902-ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் ரக்பிப் பந்தாட்டப் பந்தயம், பழைய மாணவரும் ஒருங்கு கூடுதற்கு ஏற்ற விழாவாய் விளங்குகின்றது. வெற்றி பெற்றார்க்குப் பரிசாவது ஒரு புட்டியாதலின், புட்டிப் பந்தயம் என்றே அதற்குப் பெயர்.

இவையெல்லாம் எந்தச் சங்கத்திற்கும் பொதுவன்றோ எனச் சிலர் வினவக்கூடும். பணிகள் பொதுவே, அவற்றின் இன்றியமையாமை பொதுவன்று. அதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, சேய்மை. வக்கீலும் ஆசிரியரும் வைத்தியரும் பெரும்பாலும் நகரங்களில் வாழ்பவர். தம்மொத்தாரை நாளும் காண்பவர். சுரங்கப் பொறியாளரோ தாது கிடைக்கும் இடத்திற்கே செல்லவேண்டும். அவ்விடம் பாலையாயிருக்கலாம், மலையுச்சியாயிருக்கலாம், பனிப்புலமாயிருக்கலாம். மொழியறியா நாட்டில் முதன்முறை வந்திறங்கும் இளைஞன் ஒருவனுக்கு, அந்நாட்டில் தன் கலாசாலைப் பழைய மாணவர் இன்னார் இன்ன சுரங்கத்தில் உள்ளார் என்னும் ஒருவரிச் செய்தி பெருந்துணையாகும். சங்கத்தின் பெயர்ப்பட்டியல் அவனுக்கு ஒரு தேசப்படம் போன்றது.

இரண்டாவது, தொழிலின் ஏற்றத்தாழ்வு. உலோக விலை உயருங்கால் பட்டம் பெறாத மாணவரையும் கம்பெனியார் தேடி அழைப்பர். விலை வீழுங்கால் முப்பதாண்டு பழகியவரையும் அனுப்பிவிடுவர். விலை வீழ்ச்சி எல்லா உலோகங்களுக்கும் ஒரே காலத்தில் நேர்வதன்று. வெள்ளீயம் தாழ்ந்தபோது தங்கம் உயர்ந்திருக்கலாம். ஓரிடத்தில் வேலையிழந்தவர்க்கு மற்றோரிடத்து வேலையைத் தெரிவிப்பார் யார்? கடிதத்தொடர்பு விடாது பேணிய பழைய தோழரே தெரிவிப்பர். விடுமுறையிற் சுரங்கப் பயிற்சி பெறவேண்டிய மாணவர்க்கு இடம் தருவாரும், முன்னர்ப் படித்து மேலாளராய் உயர்ந்தவரே.

மூன்றாவது, அபாயம். சுரங்கத்தில் ஒருவர் கற்ற பாடம் பலர் உயிரைக் காக்கும். இன்ன பாறை இன்னவாறு சரிந்தது, இன்ன இடத்தில் நீர் உடைத்துக்கொண்டது, இவ்வாறு முட்டுக்கொடுத்துத் தடுத்தோம் என்னும் அநுபவங்கள் பாடநூலில் ஏறுதற்குப் பல்லாண்டுகள் செல்லும். தோழர்க்கு எழுதும் கடிதத்திலும் சங்கத்தின் இதழிலும் அவை விரைவில் ஏறும். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்துச் சன்ஷைன் சுரங்கத்திற் தீப்பற்றி 91 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக 1978-ஆம் ஆண்டிற் சுரங்க மாணவர் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கப்பெற்றன. பல தேயத்துச் சுரங்கக் கலாசாலை மாணவர் அதிற் கூடி, கையுளியாற் பாறை துளைத்தல், மரம் அறுத்தல், தண்டவாளம் பதித்தல், பொன்மணல் அரித்தல் முதலிய பழந்தொழில்களிற் போட்டியிடுகின்றனர். காம்போர்ன் மாணவரும் அவருள் அடங்குவர். மாண்டவரை நினைத்தற்கு அவர்தம் தொழிலையே செய்து காட்டுவதினும் சிறந்த முறை யாதுளது?

இக்கார்ன்வால் மரபு நம்மோடும் தொடர்புடையது. மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார்த் தங்கச் சுரங்கங்கள் 1880-ஆம் ஆண்டையடுத்து ஜான் டெய்லர் அண்ட் ஸன்ஸ் என்னும் லண்டன் கம்பெனியாரின் மேற்பார்வையில் வளர்ந்தன. அக்குடும்பத்தார் கார்ன்வால், டெவன் சுரங்கங்களில் முன்னமே பெயர் பெற்றவர். ஆதலின் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தலைவர்கள் கேப்டன் என்னும் பட்டத்தோடு கோலாருக்கு வந்தனர். காம்போர்ன் கலாசாலைப் பட்டதாரிகளும் வந்தனர். நிலத்தினுள் இறங்கிக் கல்லை உடைத்த தொழிலாளருட் பெரும்பாலார் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் மக்கள். அவர்கள் அவ்விடத்தைத் தங்கவயல் என அழைத்தனர். 1902-ஆம் ஆண்டிற் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தூரம் கம்பிவழியே மின்சாரம் அங்கே கொணரப்பட்டது. சாம்பியன் ரீப் என்னும் சுரங்கம் 10,000 அடிக்கும் மேலாக ஆழ்ந்தது. அவ்வாழத்தில் வெப்பம் தாங்கற்கரியது. மேலுள்ள பாறையின் பாரத்தால் சுவர்ப்பாறை திடீரெனச் சிதறி உயிர் கொள்ளுதலும் உண்டு. 1956-ஆம் ஆண்டிற் சுரங்கங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள் மூடப்பட்டன.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் எம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. அச்சுரங்கத்தில் இரண்டாண்டு மேலாளராய் இருந்து சென்ற காம்போர்ன் பட்டதாரியின் பெயரைச் சங்கத்தின் ஏடுகளிற் காணலாம். அவர்க்குக் கீழ் முப்பதாண்டு பாறை துளைத்த தமிழரின் பெயரை எங்கே காண்பது? கலாசாலையிற் பயின்றார்க்குச் சங்கம் உண்டு. பயிலாதார்க்கு அவர்தம் பேரன்மாரின் நினைவே ஏடு. இது காம்போர்ன் சங்கத்தின் குற்றமன்று. அது தன் கடமையைச் செய்தது. ஆயின், பெயரை எழுதி வைத்தல் எத்துணை மதிப்புடைய செயல் என்பதை, எழுதப்படாத பெயர்களே நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

மீண்டும் காம்போர்னுக்குச் செல்வோம். உலகெங்கும் மாணவரை அனுப்பிய அக்கலாசாலையின் தாய்நாட்டிலேயே தொழில் மங்கிவந்தது. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வெள்ளீய விலையைத் தாங்கிநின்ற பன்னாட்டுக் கழகத்தின் பொருள் வற்றியது. விலை பாதிக்கும் கீழாய் வீழ்ந்தது. கீவர் சுரங்கம் 1990-ஆம் ஆண்டிலும், வீல் ஜேன் சுரங்கம் 1991-ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. எஞ்சிய தென் குரோப்டி என்னும் சுரங்கமும் 1998-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. நூற்றாண்டு பலவாக இடையறாது நடந்த தொழில் அந்நாளோடு அங்கே நின்றது.

கலாசாலையும் இடம் பெயர்ந்தது. 1975-ஆம் ஆண்டில் நகரை விட்டு அண்மையிலுள்ள பூல் என்னும் ஊருக்குச் சென்றது. 1993-ஆம் ஆண்டில் எக்ஸீட்டர்ப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 2004-ஆம் ஆண்டிற் பென்ரின் நகரை அடுத்த புதிய கட்டடங்களுக்குப் போயிற்று. காம்போர்ன் கலாசாலை என்னும் பெயர் நிற்கின்றது. அது காம்போர்னில் இல்லை. 2020-ஆம் ஆண்டிற் சுரங்கப் பொறியியலின் இளநிலைப் பட்ட வகுப்பிற் புதிய மாணவரைச் சேர்த்தலும் நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய மாணவர் உள்ளம் கலங்கியதில் வியப்பில்லை. பின்னர், சுரங்கத்தில் ஊதியம் பெற்றுப் பணிசெய்துகொண்டே படிக்கும் வகையிற் பட்டக்கல்வி மீண்டும் அமைக்கப்பெற்றது.

கட்டடம் மாறி, சுரங்கங்கள் மூடி, தன்னாட்சியும் நீங்கிய பின்னர் ஒரு கலாசாலையின் தொடர்ச்சி எதிற் தங்கியுள்ளது? அதிற் பயின்றாரிடத்தே தங்கியுள்ளது என்பதே எம் கருத்து. எட்வர்டு அரசர் சுரங்கத்தின் பழைய எந்திரங்களை 1987-ஆம் ஆண்டு முதல் தொண்டர் பலர் ஊதியமின்றிப் பழுதுபார்த்தனர். இன்று அஃது ஒரு காட்சிச்சாலையாய் விளங்குகின்றது. 2016-ஆம் ஆண்டில், மின்கலங்களுக்கு வேண்டும் லித்தியத்தைக் கார்ன்வால் நிலத்திலிருந்து எடுக்கும் நோக்கத்தோடு புதிய கம்பெனியொன்று தோன்றியது. அதனை நிறுவியவர் இக்கலாசாலையின் பழைய மாணவரே. தென் குரோப்டிச் சுரங்கத்தை மீண்டும் திறக்கும்பொருட்டு, அதில் நிரம்பிய நீரை வெளியேற்றும் பணி 2023-ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்றது. மூடிய சுரங்கம் திறக்குமாயின், அதனை நடத்த வல்லாரும் வேண்டுமன்றோ? வல்லாரை இத்துணைக் காலம் சிதறாது காத்தவற்றுள் சங்கமும் ஒன்று.

இவற்றால் அறியக்கிடப்பன சில. பழைய மாணவர் சங்கத்தின் முதற்கடமை பெயர்களைப் பேணுதல். இன்னார் இன்ன ஆண்டிற் பயின்றார், இன்ன ஊரில் இன்ன தொழில் செய்கின்றார் என்னும் குறிப்பு ஆண்டுதோறும் திருத்தப்படாவிடின், விருந்தும் அறிக்கையும் வீண். இரண்டாவது கடமை, முன்சென்றார் பின்வருவார்க்கு வழிகாட்டுதல். மூன்றாவது, கலாசாலைக்குத் தாழ்வு வந்துழி வாயடைத்திராது பேசுதல். இம்மூன்றும் சுரங்கக் கலாசாலைக்கு உயிர். ஏனைய கலாசாலைகட்கும் வேண்டுவனவே. நம் கலாசாலையிலிருந்து சிற்றூர்ப் பள்ளிகளுக்கும், வட நாட்டு அலுவலகங்களுக்கும், கடல் கடந்த தேயங்களுக்கும் சென்றார் பலர். அவருட் சங்கத்தின் ஏட்டில் முகவரி காணப்படாதார் எத்துணையர் என்பதைச் செயலாளர் எண்ணிப் பார்ப்பாராக. இவ்வாண்டு பட்டம் பெற்றுச் செல்லும் நண்பர்கள், விடைபெறுமுன் தம் பெயரையும் இருப்பிடத்தையும் அவ்வேட்டில் எழுதிச் செல்வாராக.

அங்ஙனம் எழுதுங்கால் மற்றொன்றையும் நினைத்தல் நன்று. நம் விடுதியிற் சமைத்தாரும், நூல்நிலையத்திற் புத்தகம் எடுத்துக்கொடுத்தாரும், வாயிலைக் காத்தாரும் பலர் உளர். அவர்கள் பட்டம் பெற்றிலர்; ஆயினும் கலாசாலையின் ஆயுளில் அவர்தம் ஆயுளும் கலந்துள்ளது. அவர்கள் பெயர்க்கும் அவ்வேட்டிற் சில பக்கங்களை ஒதுக்குதல் கூடுமாயின், தங்கவயலில் எழுதப்படாது போன பெயர்கள் நமக்கு உணர்த்திய பாடத்தை நாம் கற்றவராவோம்.